தலையணைக்கு அடியில் இருந்த சங்கு

நீங்கள் இந்தப் பிரிவில் சேரும்போது நான் இங்கே இருக்க மாட்டேன். வளைகுடாவில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கேயும் குறைமாதக் குழந்தைகளின் பிரிவுதான். ஓய்வு பெறுகிறவர்கள்தான் வழக்கமாக இப்படி எழுதி வைத்துவிட்டுப் போவார்கள். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ஆனாலும் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பொறுப்பு சிஸ்டர் கேட்டபோது நான் மறுக்கவில்லை. எழுத என்னிடம் விஷயம் இருக்கிறது என்ற திமிர் எனக்கு உண்டு.

அந்தத் திமிர் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் வீடு திற்பரப்புக்குப் பக்கம். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறார். அம்மா முந்திரி ஆலையில் கொட்டை உடைக்கிறாள். அவள் விரல் நுனிகள் முந்திரித்தோட்டின் எண்ணெய் பட்டுக் கறுத்துப் போனவை. இருவருக்கும் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். நர்ஸ் சீருடையோடு முதன்முதலில் ஊருக்குப் போன அன்று, பஸ் விட்டு இறங்கி, வேண்டுமென்றே சுற்று வழியாக வீட்டுக்கு நடந்தேன். எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

குழாய் போடுவதையும், மஞ்சள் காமாலைக்கு விளக்கு வைப்பதையும், எடை பார்ப்பதையும் இங்கே இருப்பவர்கள் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். நான் எழுதப்போவது, வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வரும் பிள்ளையைப் பற்றி.

அனுப்பும்போது தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை சில நாட்களில் திரும்பி வரும். எடை குறைந்திருக்கும். உடம்பு மஞ்சளாக இருக்கும். கன்னத்தைத் தட்டினாலும் கண் திறக்காது. அந்த நேரத்தில் வார்டில் எல்லோரும் முதலில் தாயின் மார்பைப் பார்ப்பார்கள். அடுத்து அவள் முகத்தைப் பார்ப்பார்கள், களவு செய்து பிடிபட்டவளைப் பார்ப்பது போல. அப்படி இரண்டு முறை பார்க்கப்பட்டவள் ஷீபா. அது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. தாய்மாரின் பெயரை நாம் வெளியில் சொல்லக் கூடாது.

ஷீபாவுக்கு ஏறக்குறைய என் வயது. அஞ்சுகிராமத்துக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் கணவன் வளைகுடாவில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலையில் இருந்தான். கல்யாணத்துக்கு வந்த விடுமுறை தீர்ந்ததும் போய்விட்டான், அடுத்த விடுமுறைக்கு இன்னும் நாள் இருந்தது. ஷீபாவுக்குச் சின்ன வயதிலேயே அம்மா இறந்துவிட்டாள். அதனால் பேறுகாலத்துக்கும் பிறந்த வீட்டுக்குப் போக வழியில்லை. மாமியாரும் அவளும் மட்டும் இருக்கும் வீடு அது. முன்பக்கம் மாமியாரின் பலசரக்குக் கடை, பின்பக்கம் வீடு.

எட்டாம் மாதத்திலேயே வலி வந்து பையன் பிறந்தான். என் உள்ளங்கையில் தலையை வைத்தால் அவன் கால் என் முழங்கையைத் தொடாது. மார்பில் போட்டால் கொஞ்சம் சப்புவான், உடனே களைத்துத் தூங்கிவிடுவான். குறைமாதப் பிள்ளைகள் அப்படித்தான். பசித்தாலும் அழுது கேட்க அவர்களுக்குத் தெம்பு இருக்காது. அதனால் நாம்தான் எழுப்ப வேண்டும். முதலில் மார்பில் போட வேண்டும். களைத்ததும், பீய்ச்சி வைத்த தாய்ப்பாலை, மூக்கு வைத்த சின்னக் கிண்ணம் போன்ற சங்கில் ஊற்றி உதட்டோரத்தில் சொட்டுச் சொட்டாகக் கொடுக்க வேண்டும். பிறகு துணியில்லாமல் தாயின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி வைக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் முதலிலிருந்து. ஒரு நாள் முழுக்க இதுதான் வேலை.

ஷீபா இதையெல்லாம் வேறு யாரையும்விட நன்றாகக் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொடுத்தவள் நான் என்பதில் எனக்குப் பெருமை. தாய்மார் அறையில் அவர்கள் வரிசையாக உட்கார்ந்து, பேசிச் சிரித்துக்கொண்டே பாலைப் பீய்ச்சுவார்கள். விளவங்கோட்டிலிருந்து வந்த ஒரு தாய் ஷீபாவின் பையனைப் பார்த்து, "ஏட்டி, உனக்க மொவன் சங்குல குடிக்கதக் கண்டா, வேலைக்குப் போறவன் கடையில நின்னு சாயா குடிக்கது போல இருக்கு. ஊதி ஊதில்லா குடிக்கான்!" என்றாள். அன்று ஷீபா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பால் கொஞ்சம் சிந்திவிட்டது. "சிரிக்க வைக்காதக்கா, ஒரு சொட்டு போனாலும் எனக்க உசுரு போறது போல இருக்கு" என்று மறுபடியும் சிரித்தாள்.

வீட்டுக்குப் போகிற அன்று வாசலில் நின்று என்னிடம் கேட்டாள்:

"சிஸ்டர், அங்க போனா நான் யாருகிட்ட பேசுவேன்?"

"மகன்கிட்டப் பேசு" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைப் பார்க்கப் போய்விட்டேன்.

சில நாட்களிலேயே பையன் திரும்பி வந்தான். உடம்பு சில்லிட்டு, மஞ்சளாக, தூக்கம் தெளியாமல் கிடந்தான். அனுப்பியபோது இருந்த எடைகூட இல்லை.

"நல்லாக் குடிக்கானா?" என்று கேட்டேன்.

"நல்லாக் குடிக்கான் சிஸ்டர்."

இங்கே வைத்துச் சங்கில் பால் கொடுத்தோம். தேறினான். எடை ஏறியது. முன்பு சொன்னதையே இன்னும் சத்தமாகச் சொல்லி அனுப்பி வைத்தேன். வாரத்துக்கு ஒரு முறை கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றேன். அவள் தலையாட்டினாள். காட்ட வரவில்லை.

இரண்டாம் முறை வந்தபோது அவன் மூச்சு விட்டுவிட்டு வந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே நாங்கள் எல்லோரும் எங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அந்த நேரத்தில் என்னென்ன செய்தோம் என்பதை எழுதப்போவதில்லை. அது உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. மூச்சு சீரானதும் நான் வெளியே வந்தேன். ஷீபா சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் மாமியார் ஒரு பெரிய டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"சிஸ்டர், இவளுக்குப் பால் இல்ல. எனக்க மொவன் அங்கேருந்து ஆளுகிட்ட குடுத்து விட்ட டின்னு இது. பிள்ளைக்குள்ள பவுடரு. ஷோகேசுல சும்மதான் இருக்கு. இதயாவது கலக்கிக் குடுங்க மக்கா, பிள்ள பொழைக்கட்டும்."

எங்கள் டாக்டரும் கிட்டத்தட்ட அதே முடிவுக்குத்தான் வந்திருந்தார். தாய்ப்பால் போதவில்லை, பவுடர் சேர்த்து அனுப்பலாம் என்றார். டாக்டரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு முறை எடை குறைந்து வந்த பிள்ளைக்கு வேறு என்ன எழுதுவார்?

நான் ஷீபாவைத் தாய்மார் அறைக்குள் கூட்டிப்போனேன். அங்கே வேறொரு பிள்ளை வீரிட்டு அழுதது. அந்தச் சத்தம் கேட்டதும் ஷீபாவின் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்து இறங்கியது. அவள் அவசரமாக முந்தானையை இழுத்து மூடினாள். பால் இல்லாதவளுக்கு அப்படி நனையாது.

ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன்.

"பால் இருக்கு டாக்டர்."

"இருக்கட்டும். இருக்கிற பால் பிள்ளை வயித்துக்குப் போகலியே. ஏன் போகலன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியல. ரெண்டு நாள் குடுங்க. கண்டுபிடிச்சிருதேன்."

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் பின்னால் படுக்கை இல்லாமல் காத்திருந்த பிள்ளைகள் இருந்தார்கள்.

"மூணாவது தடவை இவன் வந்தா, வரும்போது மூச்சு இருக்குமா? நீ பதில் சொல்லுவியா?"

அப்படிக் கேட்டாலும் அவர் பவுடரை எழுதவில்லை. எனக்கு இரண்டு நாள் கிடைத்தது.

மறுநாள் மத்தியானம் என் அம்மா போன் செய்தாள். அவளுக்கு ஆலையில் சாப்பாட்டு நேரம். எப்போதும் கேட்பதைத்தான் கேட்டாள்.

"தின்னியா மக்கா?"

"தின்னேம்மா."

தின்னவில்லை. நாகர்கோவிலில் தனியாக ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். எனக்கு மட்டும் சமைக்கப் பல நாள் மனம் வருவதில்லை. படித்து வேலைக்குப் போன மகள் பட்டினி கிடக்கிறாள் என்று அந்த ஆலைக்குள் உட்கார்ந்து அம்மா நினைக்கக் கூடாது. அதனால் ஆறேழு வருடமாக அதே பதில்தான்.

போனை வைத்துவிட்டு ஷீபாவிடம் போய், "வீட்ல நல்லாக் குடிச்சானா?" என்று கேட்டேன்.

"நல்லாக் குடிச்சான் சிஸ்டர்."

அதைக் கேட்டதும் நின்றுவிட்டேன். சற்று முன்பு நான் சொன்ன "தின்னேம்மா"வின் குரல் அது. கேள்வி முடிவதற்குள் வந்துவிடும் பதில். இடையில் யோசனை இல்லை, இழுப்பு இல்லை. உண்மையில் பால் கொடுத்துப் பார்த்த தாய் இப்படிப் பேச மாட்டாள். "காலம்பற கொஞ்சம் குடிச்சான், பெறவு ஒறங்கிட்டான், மத்தியானம் கக்கிட்டான், எவ்வளவு போச்சுன்னு தெரியல்ல" என்று குழப்பிக் குழப்பித்தான் சொல்லுவாள். குழப்பமான பதிலை நம்புங்கள். ஒரே வார்த்தையில் சுத்தமாக வரும் பதிலுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து வேறு கேள்வி கேட்டேன்.

"ஷீபா, இங்க கொண்டு வாறதுக்கு முந்தின நாளு வீட்டுக்கு யாரெல்லாம் வந்தாவ?"

இந்த முறை பதில் உடனே வரவில்லை. விரலை மடக்கினாள், நீட்டினாள்.

"கடைக்கு வாறவிய எல்லாரும் உள்ள வருவாவ சிஸ்டர். உப்பு வாங்க வந்தாலும் பிள்ளயப் பாக்கணும்பாவ. அவரு சித்தப்பா வீட்ல இருந்து வந்தாவ. சபையில இருந்து செபம் பண்ண வந்தாவ."

"வந்தா என்ன செய்வா?"

"சங்கத் தலையாணிக்கு அடியில வச்சிருவேன்."

"ஏன்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு சொல்லத் தொடங்கியவள் நிறுத்தவே இல்லை. அவ்வளவு நாளும் யாரிடமும் பேசாதவள் போலப் பேசினாள். ஆள் வரும் சத்தம் கேட்டால் நெஞ்சிலிருந்து பிள்ளையை எடுத்துவிடுவாளாம். துண்டுக்கு மேல் துண்டாகச் சுற்றி, பெரிய பிள்ளை போலத் தெரியும்படி கட்டிலில் கிடத்துவாளாம். வந்தவர்கள் பேசி முடித்து எழுந்து போவதற்குள் பிள்ளை நன்றாகத் தூங்கியிருப்பான். எழுப்பினால் எழும்ப மாட்டான். அந்த நேரத்துப் பால் போயிற்று. கொஞ்சத்தில் அடுத்த ஆள் வந்துவிடும். வாரந்தோறும் காட்ட ஏன் வரவில்லை என்று கேட்டேன். ஆட்டோ ஓட்டுகிறவன் கணவனின் கூட்டாளியாம். அவன் பிள்ளையைப் பார்த்தால் போச்சாம்.

"எல்லார் கையிலும் போன் இருக்கு சிஸ்டர். யாராவது படம் எடுத்து அவருக்கு அனுப்பிட்டாவன்னா?"

"அனுப்பினா என்ன? குறைமாசம்னு அவருக்குத் தெரியாதா?"

"கொஞ்சம் நேரத்தே பெறந்தான்னு தெரியும். இம்புட்டுக்காணு சின்னவன்னு தெரியாது. இங்க சேத்ததும் தெரியாது."

உங்களில் பலருக்கு இது புரியும். நம் மாவட்டத்தில் ஆள் வெளிநாட்டுக்குப் போன வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே இருப்பவனுக்கு இங்கே இருந்து கெட்ட செய்தி போகக் கூடாது. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால், அது குணமான பிறகுதான் அவனுக்குத் தெரியும். சாவுச் செய்திகூடப் பதமாக, ஆள் பார்த்து, நேரம் பார்த்துத்தான் போகும். தனியாகக் கிடப்பவன் தாங்க மாட்டான் என்ற அன்புதான். அந்த அன்பில் ஒவ்வொரு நாளும் அந்தப் பிள்ளைக்கு இரண்டு மூன்று நேரத்துப் பால் போய்க்கொண்டிருந்தது.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் போன் அடித்தது. கணவன். அவனுக்கு அது இடைவேளை. ஷீபா முகத்தைத் துடைத்து, முடியை ஒதுக்கி, சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள். போனைப் பிள்ளையின் முகத்துக்கு மிகவும் பக்கத்தில் கொண்டுபோனாள். திரை முழுவதும் இரண்டு கண்ணும் ஒரு மூக்கும். அப்படிப் பார்த்தால் எந்தப் பிள்ளையும் பெரிய பிள்ளைதான். நான் சங்கோடு குனிந்திருந்தேன். அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு, உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னாள்.

"சிஸ்டர், கைய எடுங்க."

எடுத்தேன்.

"ஏலே மக்கா! அப்பாவப் பாருலே!" என்றது அந்தக் குரல். "கண்ணு அம்மைக்க கண்ணு. மூக்கு நம்ம மூக்கு. ஷீபா, நான் குடுத்து விட்ட சட்டை போட்டியா? சின்னதாப் போச்சா?"

"சரியா இருக்கு" என்றாள். அந்தச் சட்டைக்குள் இரண்டு பேர் இருக்கலாம்.

போனை வைத்த பிறகு அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள். "உங்க கை தெரிஞ்சா அளவு தெரிஞ்சிரும் சிஸ்டர்."

வராந்தாவில் மாமியாரைப் பிடித்தேன். உண்மை தெரிந்துவிட்டது என்றேன். அவர் கோபப்படவில்லை. டின்னைத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான்தான் சொல்லண்டாம்னேன். அவ மேல தப்பில்ல. சிஸ்டர், எனக்க மொவன் தரையில நின்னு வேல செய்யல்ல. அவன் நிக்குத எடத்தப் படம் எடுத்து ஒருநாளு அனுப்பினான், எனக்குப் பாத்துட்டு ஒரு வாய் சோறு எறங்கல்ல. பிள்ளைக்க நெனப்புல அவன் கால் பெசகிச்சுன்னா? நீங்க பதில் சொல்லுவீங்களா?"

ஒரே வாரத்தில் இரண்டாவது ஆள் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டார். நான் படித்தவள் என்பது அந்த வராந்தாவில் எதற்கும் உதவவில்லை. அவர் பயப்பட்டது பொய்ப் பயமும் இல்லை.

கணவனின் எண் எங்களிடம் இருந்தது. நானே கூப்பிட்டிருக்கலாம். ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். இதைக் கவனமாக வாசியுங்கள், ஏனென்றால் உங்களுக்கும் ஒருநாள் இப்படிக் கை துறுதுறுக்கும். நான் கூப்பிடவில்லை. அது ஷீபா சொல்ல வேண்டிய செய்தி. நான் சொல்லிவிட்டால் அந்த வீட்டில் அவள் வாக்குத் தவறியவள் ஆவாள், நான் வீட்டு விஷயத்தில் தலையிட்டவள் ஆவேன். அதன் பிறகு அவர்கள் என்னிடமிருந்தும் ஒளிப்பார்கள். மூன்றாம் முறை பிள்ளையைக் கொண்டுவராமலே இருந்துவிடலாம். அதுதான் எனக்குப் பெரிய பயம்.

ஷீபாவிடம் திரும்பிப் போய் ஒன்றை மட்டும் சொன்னேன்.

"ஒரு தடவ நீ ஒளிச்சா, ஒரு தடவ இவன் பட்டினி. உனக்க வீட்டுக்காரரு தாங்குவாரா மாட்டாரான்னு எனக்குத் தெரியாது. இவன் தாங்க மாட்டான். அது எனக்குத் தெரியும்."

அன்று என் அறைக்குப் போய் நான் சரியாகத் தூங்கவில்லை. டாக்டர் கொடுத்த நாள் மறுநாளோடு முடிகிறது. வார்டில் யாரிடமும் சொல்ல முடியாது, அது தாயின் ரகசியம். வீட்டில் சொன்னால் அம்மா, "பிள்ள பொழச்சுதா?" என்று மட்டும் கேட்பாள். இந்த வேலையில் இப்படிச் சில நாட்கள் வரும். யாரோடும் பங்கு வைக்க முடியாமல் நீங்களே தூக்கிக்கொண்டு போக வேண்டியவை. அதற்கு எந்த வகுப்பிலும் பயிற்சி இல்லை.

மறுநாள் மத்தியானம் பையன் அவள் நெஞ்சில் கிடந்தான். நான் சங்கை உதட்டோரத்தில் வைத்திருந்தேன். போன் அடித்தது. ஷீபா வழக்கம் போல முகத்தைத் துடைத்தாள், முடியை ஒதுக்கினாள். போனைப் பிள்ளையின் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். நான் கையை எடுக்கப் போனேன்.

"வேண்டாம் சிஸ்டர்" என்றாள், இந்த முறை சத்தமாகவே. "உங்க கைய அவனுக்குப் பக்கத்துல வைங்க."

வைத்தேன். அவள் போனை மெல்ல மெல்லப் பின்னால் கொண்டுபோனாள். முகம் தெரிந்தது. தோள் தெரிந்தது. கையில் ஒட்டியிருந்த ஊசிக் குழாய் தெரிந்தது. பிறகு என் கையும், அதன் பக்கத்தில் அவன் முழு உடம்பும் தெரிந்தன.

அந்தப் பக்கம் தட்டுகள் உரசும் சத்தமும், பல மொழிகளில் ஆட்கள் பேசும் சத்தமும் மட்டும் கேட்டன. ஷீபா போனைத் திரும்பப் பக்கத்தில் கொண்டுபோகவில்லை.

"சிஸ்டர்," என்றான் கடைசியில். "உங்க கை... பெரிய கையா?"

"இல்லண்ணா. சாதாரணக் கைதான்."

மறுபடியும் தட்டுகளின் சத்தம்.

வாசலில் நின்ற மாமியார் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு உள்ளே வந்தார். அவன் கண்டுகொண்டான்.

"அம்மா, அழாதிய. நாளைக்கு நான் மேல ஏறல்ல. லீவு சொல்லிட்டு ரூம்ல கெடக்குதேன். போதுமா? அடுத்த நாளும் வேணும்னா கெடக்குதேன். எனக்கிட்ட மறைக்காதிய."

"நீ தனியாக் கெடக்கியே மக்கா..."

"நான் இங்க நல்லா இருக்கேன்னு தெனமும் சொல்லுதேன்லா? அதும் எல்லா நாளும் நெசமில்ல."

பையன் உதட்டைச் சப்புக் கொட்டினான். சங்கில் பால் மிச்சம் இருந்தது.

"அது என்னது, கிண்ணம் மாதிரி?" என்று கேட்டான்.

"சங்கு" என்றாள் ஷீபா. "இவன் இதுல குடிக்கதக் கண்டா, சாயாக் கடையில நின்னு குடிக்கது போல இருக்கும். பாருங்க."

அவன் பார்த்தான். கடைசிச் சொட்டு வரை பார்த்துக்கொண்டே இருந்தான். இடைவேளை முடிந்து யாரோ கூப்பிட்டபோதுதான் போனை வைத்தான்.

அதன் பிறகு பையனின் எடை ஏறியது. டாக்டர் எடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சரி, பவுடர் வேண்டாம்" என்றார். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

அவர்கள் வீட்டுக்குப் போன பிறகு நடந்ததை ஷீபா வாரந்தோறும் வந்து சொன்னாள். பஸ்ஸில்தான் வந்தாள். கூட்டத்தில் உட்கார்ந்து, சங்கை எடுத்து, எல்லோர் முன்னாலும் கொடுத்துக்கொண்டே வருவாளாம். மாமியார் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு திரையைத் தொங்கவிட்டு, வருகிறவர்களிடம், "எட்டாம் மாசத்துல வந்தவன், குடிக்க நேரம் எடுப்பான். உப்பு எடுத்துட்டு நீங்க போங்க" என்று சொல்லிவிடுகிறாராம். கணவன் முடிந்தபோதெல்லாம் பால் நேரத்துக்குக் கூப்பிடுகிறான். அவள் போனை ஒரு டம்ளரில் சாய்த்து வைத்துவிட்டு, பேசிக்கொண்டே பால் கொடுக்கிறாள். அன்று வாசலில் நின்று, 'யாருகிட்ட பேசுவேன்' என்று அவள் என்னிடம் கேட்ட கேள்விக்கு அப்படி ஒரு பதில் கிடைத்தது. நான் அன்று சொன்ன பதிலைவிட நல்ல பதில்.

இதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். மழைக்காலத்தில் சளி பிடித்து அவன் மூன்றாம் முறையும் வந்து சேர்ந்தான். இப்படிப் பிறந்த பிள்ளைகள் வரத்தான் செய்வார்கள். கணக்குப் பார்க்கிறவர்களுக்கு அது இன்னொரு திரும்பி வந்த பிள்ளை, நமக்கு ஒரு கெட்ட பெயர். ஆனால் வாசலில் ஷீபா என்னைக் கண்டதும், நான் கேட்பதற்கு முன்பே கொட்டினாள்.

"காலம்பற மாருல குடிச்சான் சிஸ்டர், பெறவு ரெண்டு தடவ பாதியில விட்டுட்டான். மூக்கு அடைக்குதுன்னு நெனைக்கேன். மத்தியானம் நானும் அசந்து ஒறங்கிட்டேன், ஒரு நேரம் போச்சு. ஏசாதீங்க."

ஏசவில்லை. இவ்வளவு அழகான பதிலை இந்த வார்டில் நான் கேட்டதில்லை. அன்றே பிள்ளை தேறிவிடுவான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தேறினான்.

அவர்கள் போன பிறகு கட்டிலுக்கு வேறு விரிப்பு விரித்தோம், வேறு ஆள் வந்தார். இங்கே எல்லோரும் போய்விடுவார்கள். போக வேண்டும் என்றுதானே இவ்வளவும் செய்கிறோம். ஆனால் தாய்மார் அறையில் சிரிப்புச் சத்தம் இல்லாத சாயங்காலங்களில் நீங்கள் தனியாக உட்கார்ந்து சங்குகளைக் கொதிநீரில் போடும்போது, நான் சொல்வது புரியும்.

நேற்று என் அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். அம்மா போனில் படத்தோடு கூப்பிட்டாள். நான் வாங்கிக் கொடுத்த போன். அதில் பேச இப்போதுதான் பழகுகிறாள். திரை முழுவதும் அவள் நெற்றியும் ஒரு கண்ணும்தான்.

"அம்மா, கொஞ்சம் தள்ளிப் பிடி."

"இப்பிடியே தெரியுதுல்லா?"

"தள்ளிப் பிடிம்மா."

தள்ளிப் பிடித்தாள். இடது கையால் பிடித்திருந்தாள். வலது கை சேலைக்குள் இருந்தது. நான் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"தின்னியா மக்கா?" என்றாள்.

"தின்னேம்மா" என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கொஞ்சம் யோசித்தேன்.

"இல்லம்மா. காலம்பற ஒரு சாயா குடிச்சேன். பெறவு ரெண்டு தோசை வாங்கினேன், ஒண்ணு தின்னேன், மத்தது எறங்கல்ல. அங்கன போறத நெனச்சாப் பயமா இருக்கு."

அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இவ்வளவு வருடத்தில் இப்படி ஒரு பதிலை அவள் என்னிடமிருந்து கேட்டதில்லை. பிறகு சேலைக்குள்ளிருந்து கையை எடுத்து, திரைக்கு முன்னால் கொண்டுவந்தாள். விரல்களில் துணி சுற்றியிருந்தது.

"முந்தாநாளு ஆலையில எண்ணெ பட்டுக் கொஞ்சம் பொள்ளிப் போச்சு" என்றாள். "நீ போன பெறவு சொல்லலாம்னு இருந்தேன்."